நாயும் பூனையும் மடுல்சீமை முடக்குகளும்

அக்காவின் கணவரான மச்சானுக்கு இழுத்துச் செல்லும் கரவன்மேல்தான் கண். மெல்பேர்னில் வேலை பார்த்த காலத்தில் லீவு கிடைத்தால் போதும், காரின் பின்னால் அதை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விடுவார்களாம். ஓய்வு பெற்று ஊர் வந்து சேர்ந்த கொஞ்ச நாளில் அத்தை காலமானார். பதுளை வீட்டில் மிஞ்சியவை டைகர் என்கிற செவலை நாயும், கூப்பிட்டாலும் வராது என்பதால் யாரும் பெயர் வைக்காத ஒரு சாம்பல் பூனையும். வீட்டை விற்பதென்று ஆகிவிட்டது. பார்க்க வந்தவர்கள் நாயைப் பார்த்த பார்வை அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "இதுங்களையும் ஏத்திக்கிட்டு நாலு மாசம் நாட்டைச் சுத்துவோம். அதுக்குள்ள வேற எடம் பார்த்துக்கலாம்" என்று மச்சான் சொன்னதும் தலையாட்டிவிட்டாள். எந்த வண்டி என்பதில்தான் இழுபறி.

சமதரையான காலி வீதியில் எந்த வண்டியும் நல்ல வண்டியாகத்தான் தெரியும். மலைமேல் உள்ள மடுல்சீமைக்கு ஏற்றிப் பார்த்துவிட்டுப் பேசுவோம் என்றேன். ஓகஸ்ட் மாதம், ஊவாவில் காற்றும் வெயிலுமான பருவம். தெரிந்தவரிடம் ஒரு ஹயேஸ் வேன் வாடகைக்கு எடுத்தோம். பின் ஆசனங்களைக் கழற்றிவிட்டு மெத்தை, நாய்க்கூடு, மண் தட்டு, தண்ணீர்க் கலன் எல்லாம் ஏற்றினோம்.

மடுல்சீமையைச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஹோர்ட்டன் சமவெளியில் உள்ள 'உலக முடிவு' எல்லோரும் போகிற இடம். சுமார் 870 மீற்றர் செங்குத்துப் பள்ளம். ஆனால் அந்தச் சமவெளி 1988 முதல் தேசிய பூங்கா. வளர்ப்புப் பிராணிகளுக்கு உள்ளே இடமில்லை. நுழைவாயிலில் வண்டிக்குள் நாயைப் பூட்டிவிட்டு மணிக்கணக்கில் நடந்து வரவும் முடியாது. யால, வில்பத்து எதுவானாலும் இதே கதைதான். நாயோடு நாடு சுற்றுகிறவனின் வரைபடத்தில் முதலில் அழிகிறவை இந்தப் பூங்காக்கள். மடுல்சீமைக்கு அப்பால் பிட்டமாருவையில் இருக்கும் 'சின்ன உலக முடிவு' பூங்கா இல்லை. டைகரும் வரலாம்.

பதுளையிலிருந்து பசறைக்குப் போவது ஏ5 வீதி. பேராதனையிலிருந்து நுவரெலியா, பதுளை வழியாகச் செங்கலடி வரை ஓடுகிற அதே வீதி. பெயர் பெரிது, முடக்குகளில் அகலம் சிறிது. இதே வீதியில் பசறைக்கும் லுணுகலைக்கும் இடையில், 13ஆம் கட்டைக்குப் பக்கத்தில், 2021 மார்ச் 20ஆம் திகதி கொழும்பு நோக்கிப் புறப்பட்ட தனியார் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சரிந்து கிடந்த பாறை அந்த இடத்தில் பாதையைக் குறுக்கியிருந்தது. இந்தப் பக்கத்துச் சாரதிகள் இப்போதும் அதைச் சொல்லிக்கொண்டுதான் ஓட்டுகிறார்கள்.

அவுஸ்திரேலியக் கரவன்கள் இரண்டரை மீற்றர் வரை அகலமாக இருக்கும். நாங்கள் போன ஹயேஸ் 1.7 மீற்றருக்கும் சற்றுக் குறைவு. அந்த முக்கால் மீற்றரைத் தவிர மலைப்பாதையில் வேறொன்றும் முக்கியமில்லை. ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். ஒதுங்க இடமில்லாவிட்டால் ரிவேர்ஸ். முடக்குக்குள் மாட்டிய இழுவண்டியைப் பின்னுக்குத் தள்ளுவதை மச்சானே மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார் போல. எதிரே ஒரு சிவப்பு இ.போ.ச பஸ் வந்து, நாங்கள் இடது ஓரத்தில் கானுக்கு ஒரு சாண் தள்ளி நின்றபோது, கரவன் பேச்சு அதோடு நின்றது.

நாய் வைத்திருப்பவர்களுக்கு இழுவண்டி ஒத்துவராததற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. ஓடும்போது அதற்குள் ஆட்கள் இருக்கக்கூடாது. நாயையும் பூனையையும் அதில் விடுவது ஆபத்து. அவை முன்னால் போகும் காரில்தான் வர வேண்டும். ஆக, வீடு பின்னால் காலியாக வர, மொத்தக் குடும்பமும் ஒரு காருக்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகும். மச்சானின் மெல்பேர்ன் பயணங்களில் நாய் கிடையாது. அதனால் அவருக்கு இது தட்டுப்பட்டதே இல்லை.

பிறகு ரோசா பஸ். அக்காவின் கனவு அது. நின்றபடி சமைக்கலாம், தனியாகக் கழிப்பறை வைக்கலாம், பூனைக்கு ஒரு மூலை கொடுக்கலாம். மிட்சுபிஷி ரோசாவோ டொயோட்டா கோஸ்டரோ இரண்டுமே சுமார் இரண்டு மீற்றர் அகலம், நீளம் ஆறு மீற்றரைத் தாண்டும். மடுல்சீமை வரை ரோசா போகும், சந்தேகமே இல்லை. அதைவிடப் பெரிய பஸ்களே போய் வருகின்றன. ஆனால் அவை பஜாரோடு திரும்பிவிடும். நாம் போய் நிற்க வேண்டியது பஜாருக்கு அப்பால், தோட்டத்து ரோட்டில். பட்டாவத்தை, ரோபேரி பக்கத்துத் தோட்டப் பாதைகள் கொழுந்து லொறிக்கும் டிராக்டருக்கும் அளந்து வெட்டியவை. ரோசாவைக் கொண்டுபோய்விடலாம், திருப்பத்தான் முடியாது. ரோசாவின் பின் சக்கரங்களுக்குப் பின்னால் நீண்டு நிற்கும் உடம்பு வேறு இருக்கிறது. முடக்குகளில் அதிகம் ஆடுவது அந்தப் பகுதிதான். படுக்கையை முன்னால் போட்டு நாய்க்கூட்டைப் பின்னால் தள்ளுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். பசறை ஏற்றம் முடிவதற்குள் அந்த நாய் தின்றதையெல்லாம் கக்கிவிடும்.

டைகரைக் காலையில் வெறும் வயிற்றோடு ஏற்றினோம். மலைப் பயணத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். கூட்டை முன், பின் சக்கரங்களுக்கு நடுவில் தரையோடு கட்டினோம். ஆட்டம் குறைவான இடம் அது. ஆனால் ஹயேஸின் எஞ்சின் முன் ஆசனங்களுக்கு அடியில். நிசான் கரவன் என்ற வேனும் அப்படியே. ஏற்றத்தில் இரண்டாம் கியரில் உறுமிக்கொண்டு போகும்போது சாரதிக்குப் பின்னால் உள்ள தகரம் சுடுகிறது. கையை வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கூட்டை ஒரு முழம் பின்னுக்குத் தள்ளி, அடியில் ரப்பர் விரிப்பும் அதன்மேல் சாக்கும் போட்டோம். வேன் வாங்கப் போகிறவர் வெயிலில் நிற்கும் வண்டியைப் பார்த்துவிட்டு வராமல், அரை மணி நேரம் மலையேறி இறக்கியபின் உள்ளே தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். நாய் படுக்கப்போவது அங்கேதான்.

பசறை பஜாரில் பிளேன்டி குடிக்க நிறுத்தியபோது கதவு விஷயம் புரிந்தது. ஜப்பான் வேன்களின் இழுகதவு இடது பக்கம். நமக்கும் இடது ஓரந்தான். வாகனம் போகாத பக்கமாக நாய் இறங்கும், நல்லதுதான். ஆனால் மலைப்பாதையில் இடது கை சில இடங்களில் மண்மேடு, சில இடங்களில் அந்தரம். மணிக்கணக்காகக் கூட்டில் கிடந்த நாய் கதவு திறந்ததும் பாயும். இடது பக்கம் மலை இருக்கிற இடத்தில் மட்டும்தான் நிறுத்துவது, கழுத்துப் பட்டியில் கயிறு மாட்டாமல் கதவைத் தொடுவதில்லை என்று அங்கேயே ஒரு சட்டம் போட்டோம். இரண்டு பக்கமும் கதவு உள்ள வண்டி கிடைத்தால் இன்னும் நல்லது.

பசறையைத் தாண்டி மடுல்சீமைப் பக்கம் திரும்பியதும் காற்று மாறுகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவின் பேர்போன பருவம். தென்மேல் பருவக்காற்று மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு வறண்ட காற்றாக இந்தப் பக்கம் இறங்கும். அந்த வறட்சியில்தான் கொழுந்து வாசம் ஏறும். உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குத் தனி விலை கிடைப்பது இந்த மாதங்களில். அதே வறட்சியில்தான் பத்தனைப் புல்வெளிகளின் மானாப்புல்லும் தீப்பிடிக்கும். கரிந்த சரிவுகளை வழியெல்லாம் பார்த்தோம். காய்ந்த புல்லின் முள் விதைகள் நாயின் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் புகுந்து சீழ் வைக்கும். ஒவ்வொரு தடவை வண்டியில் ஏற்றும் முன்பும் பாதத்தைத் தடவிப் பார்ப்பது அக்காவின் வேலையாயிற்று. உண்ணி பொறுக்குவதும் அதோடு சேர்ந்துகொண்டது. தேயிலை மலைக்குள் ஓடும் கான் தண்ணீரை நாய் நக்க விடக்கூடாது. மேலே களைக்கொல்லி அடித்திருப்பார்களா என்று நமக்குத் தெரியாது. இருபது கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு ஒரு லீற்றருக்கும் மேல் நல்ல தண்ணீர் வேண்டும். வண்டியின் தண்ணீர்க் கலனுக்கு மனிதர்களை மட்டும் எண்ணிக் கணக்குப் போட்டால் போதாது.

மடுல்சீமை பஜார் சின்னது. கடைகள், பொலிஸ் நிலையம், வரிசையாக நிற்கும் ஓட்டோக்கள், சுற்றிலும் தேயிலை. வேனைப் பார்த்ததும் ஓட்டோக்காரத் தம்பிகள் சூழ்ந்துகொண்டார்கள். உள்ளே எட்டிப் பார்த்த ஒருவன், "அண்ணே, நாய்க்கு மெத்தையா?" என்றான். பின்னால் நின்றவன், "எங்க காம்பராவ விட இது பரவால்லடா" என்றான். சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு முழுசாக வரவில்லை. ஹயேஸின் பின்பகுதி சுமார் மூன்று மீற்றர் நீளம், ஒன்றரை மீற்றர் அகலம். தோட்டத் தொழிலாளர் லயத்துக் காம்பரா, அதாவது அறை, பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதில் மூன்று தலைமுறை படுத்து எழுந்திருக்கிறது. கோழிக்கூடும் இஸ்தோப்பில் நாயும் சேர்த்து. குறுகிய இடத்தில் வாழ்வது எப்படி என்று யூடியூப்பில் பார்த்துக்கொண்டிருந்த மச்சான் அதன்பிறகு போனை எடுக்கவில்லை.

ஒரு லயத்துக்குப் பக்கத்தில் வழி கேட்க நிறுத்தினோம். நாலு திசையிலிருந்தும் நாய்கள் கிளம்பி வந்து வேனைச் சுற்றின. உள்ளேயிருந்து டைகர் பதில் சொன்னது. வெளியூர் நாயை லயத்துக்கு அருகில் இறக்குவது வம்பு. வந்த நாய்களை ஒரு பெரியவர் அதட்டி விரட்டினார். நாய்க்காகத்தான் இந்த வண்டி என்று கேட்டதும் அவருக்கு வியப்பு. பிறகு தானாகவே சொன்னார்: "எங்கண்ணன் குடும்பம் இந்தியா போறப்ப அஞ்சு பேருக்குப் பாஸ்போட்டு. நாய்க்கு யாரு குடுப்பா? பதுள டேசன் வரைக்கும் பஸ்ஸுக்குப் பின்னாலயே ஓடி வந்துச்சுன்னு சொல்லுவாங்க. நா அத நம்பல. ஆனா லயத்துக்கு அது திரும்பி வரல."

1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் நாடற்றிருந்த இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. மிச்சமிருந்த ஒன்றரை இலட்சத்தைப் பத்து வருடம் கழித்துப் பாதிப்பாதியாக்கினார்கள். தலைமன்னார்க் கப்பலுக்கு ஆட்களை ஏற்றிப்போன கோச்சிக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர். அந்தக் கணக்கில் ஆடு, மாடு, நாய் வரவில்லை. பெரியவரிடம் இதற்குமேல் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. "இருங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார். குடித்தோம். வேனை எங்கே நிறுத்தலாம் என்பதையும் அவரே சொன்னார்: தோட்டத்து நிலத்தில் நிறுத்துவதானால் ஒப்பீசில் கேட்க வேண்டும், மண் வெட்டிய சரிவுக்கு அடியில் எந்தப் பருவத்திலும் நிறுத்தக்கூடாது, இருட்டினால் நாயை வெளியே கட்டக்கூடாது.

இந்தக் கடைசி விஷயத்தில் அவர் விளையாடவில்லை. தேயிலை மலைகளில் சிறுத்தை இருக்கிறது. தோட்டத்துப் பேச்சில் அது புலி. வெளியே கட்டிய நாய் அதற்குச் சுலபமான இரை. இன்னொரு ஆபத்து பன்றிக்கு வைக்கும் கம்பிக் கண்ணி. பிரேக் வயரில் முடிந்து கானோரத்தில் வைப்பார்கள். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் அப்படியொரு கண்ணியில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் செத்துப்போனது. சிறுத்தைக்கே அந்தக் கதி என்றால் அவிழ்த்துவிட்ட நாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இரவில் நாய் வண்டிக்குள். கூடாரத்தை வெளியே விரித்து வண்டியைச் சாமான் அறையாக்கும் ஏற்பாடு இங்கே உதவாது. இரண்டு பேரும் நாயும் பூனையும் கதவைச் சாத்திக்கொண்டு மூச்சுவிட இடமும் காற்றும் வேண்டும். கூரையில் ஒரு 12 வோல்ட் விசிறி, கண்ணாடிகளுக்கு நாய் கிழிக்காத கம்பி வலை, அதற்கென்று இரண்டாவது பற்றரி. வண்டிக்குச் செலவழிக்கிற காசில் முதலில் செலவழிக்க வேண்டியது இவற்றுக்குத்தான். அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் அதற்குப் பிறகு.

பகலிலும் அதே பிரச்சினைதான். மேலே குளிராகத்தானே இருக்கிறது, நாயை வண்டிக்குள் விட்டுவிட்டுப் பார்த்துவிட்டு வருவோம் என்று தோன்றும். 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, வெளியே 22 பாகை செல்சியஸ் இருந்த நாளில்கூட வெயிலில் நின்ற காருக்குள் ஒரு மணி நேரத்தில் 45 பாகையைத் தாண்டியதை அளந்து சொன்னது. சூட்டின் பெரும்பகுதி முதல் அரை மணிக்குள் ஏறிவிடுகிறது. கண்ணாடியை விரலளவு இறக்கிவைப்பதால் பெரிய பலன் இல்லை. சின்ன உலக முடிவுக்கு அதனால் முறை வைத்துப் போனோம். மச்சானும் டைகரும் முதலில். அக்காவும் நானும் பூனையோடு வேனில். பிறகு மாற்றி. கீழே மகியங்கனைப் பக்கத்துச் சமவெளி வெயிலில் வெளுத்துக் கிடந்தது. விளிம்பில் வேலி என்று ஒன்றும் இல்லை, காற்று ஆளைத் தள்ளுகிறது. இரண்டு மீற்றருக்குமேல் கயிறு கொடுக்கவில்லை என்றார் மச்சான். டைகருக்குக் காட்சியில் அக்கறை இல்லை; அங்கே கூடாரம் போட்டிருந்த பையன்களின் கொத்துரொட்டி வாசத்தில்தான் அதற்கு அக்கறை.

பூனையைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பயணம் முழுக்க ஆசனத்துக்கு அடியில் கிடந்தது. சாரதியின் காலடிக்குப் போகும் வழியை அடைக்காமல் பூனையோடு மலையிறங்கக்கூடாது. பிரேக் மிதிக்கு அடியில் பூனை மாட்டினால் முடிந்தது. முன்னாலும் பின்னாலும் பிரிக்கும் வலைத் தடுப்பு இல்லாத வண்டி எனக்குப் பூனை வண்டியாகத் தெரியவில்லை. இடத்தோடு ஒட்டி வாழும் பிராணியை நாலு மாதம் உருட்டிக்கொண்டு திரிவதற்குப் பதில் பக்கத்து வீட்டில் விடலாம் என்பதே என் கட்சி. அக்கா அதற்குப் பிறகு என்னோடு பசறை வரை பேசவில்லை.

சின்ன வண்டிகளையும் பார்த்தோம். டாட்டா ஏஸை இங்கே எல்லோரும் டிமோ பட்டா என்கிறார்கள். ஒன்றரை மீற்றர் அகலம், எந்தத் தோட்டத்து ரோட்டிலும் நுழையும். பின்னால் பெட்டி அடித்துப் படுக்கை போட்டுவிடலாம். ஆனால் பெட்டிக்கும் சாரதிக்கும் நடுவில் சுவர். உள்ளே நாய் திணறினால் கேட்காது. அமெரிக்க எழுத்தாளர் ஜோன் ஸ்டைன்பெக் 1960இல் பிக்கப் வண்டியின்மேல் வீடு கட்டிக்கொண்டு நாட்டைச் சுற்றியபோது, சார்லி என்ற அவருடைய நாய் பின்னால் இருந்த வீட்டில் வரவில்லை, முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது. அதற்கும் முன்னால், 1885இல், ஸ்கொட்லாந்துக்காரரான டாக்டர் கோர்டன் ஸ்டேபிள்ஸ் உல்லாசப் பயணத்துக்கென்றே ஒரு கரவன் செய்வித்து, இரண்டு குதிரைகள் இழுக்க, இங்கிலாந்தின் தெற்கிலிருந்து இன்வர்னஸ் வரை போனார். கூடவே ஒரு நியூபவுண்ட்லாந்து நாயும் ஒரு கிளியும். பிராணிகளைக் கூட்டிப்போவது புது மோகம் என்று யாராவது சொன்னால் அவரைக் காட்டலாம். அவருக்கு வாய்த்த வேகத்தில் நாய் வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்தும் வரலாம். நமக்கு அது கிடையாது.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்கள் வால்பாறையை நினைத்துக்கொள்ளலாம். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு, அதே தேயிலை, அதே சிறுத்தை. இந்தியாவில் வீட்டு வண்டிக்கு ஏஐஎஸ்-124 என்று தனித் தரநிர்ணயம் இருக்கிறது. கேரளா 2021இல் கரவன் சுற்றுலாவுக்கென்றே கொள்கை வகுத்தது. அங்கே வாங்கிய வண்டியில் இங்கே வர நினைக்க வேண்டாம். 2023 ஒக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் ஆட்களைத்தான் ஏற்றும், வாகனத்தை ஏற்றாது.

மச்சான் கடைசியில் சாதாரண உடம்புள்ள பழைய ஹயேஸ் ஒன்றுக்கு வந்துவிட்டார். 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஏறிய பழைய வேன் விலையை விற்கிறவர்கள் மறக்கவில்லை. பதுளையில் ஒரு கராஜில் பாஸ் ஒருவர் அளவெடுத்தார். கட்டிலுக்கு முன் நாய்க்கூட்டை அளக்கச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார். கட்டிலை மடிக்கலாம், நாயை மடிக்க முடியாதே என்றேன். ஒக்டோபரில் மழை தொடங்கிவிடும். 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்ததும் ஒக்டோபர் 29இல்தான். அதற்கு முன் ஊவாவைச் சுற்றி முடித்துக் கீழே இறங்கிவிடுவதாக ஏற்பாடு. தடுப்பு வலைக்கும் அக்கா அளவு கொடுத்துவிட்டாள். பூனையும் போகிறது.